முன்பு வைத்த ஈயம்

பகலெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, கதிரவன் மேற்கே ஆலைக் கூரைகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்நகரின் கடைக்கோடித் தெரு, தன்மேல் தேங்கிய குட்டைகள்தோறும் ஒவ்வொரு துண்டு வானத்தை ஏந்தியவாறு, வேலை முடிந்து திரும்புவோரை எதிர்நோக்கிக் கிடந்தது. ஒருபுறம் புகைபோக்கிகளும் மறுபுறம் இருப்புப்பாதையும் நெருக்க, நடுவே ஒடுங்கி நீண்ட அத்தெருவில், ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு நின்ற வீடுகளின் சாளரங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. குழாயடியில் குடங்கள் மோதும் ஓசையும், பிள்ளைகளை உள்ளே அழைக்கும் தாய்மாரின் அதட்டலும், எங்கோ தாளிக்கும் மணமும் கலந்து, அந்த மாலை மற்றெந்த மாலையையும் போலவே இருந்தது.

கற்றறிந்த அன்பரே, அத்தெருவின் கடைசி வீட்டை நீவிர் ஒருமுறை கண்டிருந்தால் மறக்கமாட்டீர். அதன் வாயிற்கதவோ, யாரோ ஒருவர் பல்லாண்டு உறங்கி எழுந்த இரும்புக் கட்டிலின் தலைப்பக்கம்; அடுக்களைக்கு ஒளி தரும் வட்டச் சாளரமோ, சலவைப்பொறி ஒன்றின் கண்ணாடிக் கதவு; முற்றத்தில் தேய்ந்த வண்டிச் சக்கரங்களின் வயிற்றில் கீரை தழைத்தது, கிழிந்த சாக்குகளில் கிழங்கு பருத்தது, எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து கட்டிய அடுப்பில் நாள்தோறும் ரொட்டி வெந்தது. கடையில் வாங்கியவை உப்பும் தீக்குச்சியும் மட்டுமே என்று அவ்வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். தீக்குச்சிக்கும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவார் சொல்லிச் சிரிப்பார்கள்.

இல்லத்துக்குரியவன் முன்பு வானொலிப் பெட்டிகளைப் பழுதுநீக்கும் கடை வைத்திருந்தவன். பழுதானதைச் சீர்செய்வதைவிடப் புதியதை வாங்குவது எளிதென்று மக்கள் கருதத் தொடங்கியபின், கடையை மூடிப் பற்றவைக்கும் கோலையும் ஈயக்கம்பிச் சுருள்களையும் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, இனி பிறர் எறிந்ததே நமக்கு முதல் என்று தொடங்கினான். தெரு அவனுக்கு 'ஒட்டுக்காரன்' என்று பெயரிட்டது. அவனுக்கு அது விளையாட்டாகத் தொடங்கியதெனினும், மனையாளுக்கோ அது நோன்பாகவே ஆகிவிட்டது. சோப்புக் காய்ச்சினாள், பழத்தோலை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் காடி எடுத்தாள், காய்களை உப்பிலிட்டுப் பல மாதங்களுக்குக் கெடாது காத்தாள். தன் கை படாத ஒரு கவளமும் தன் மகளின் வாயில் புகக்கூடாதென்று உறுதி பூண்டாள். சிட்டு என்று அழைக்கப்பட்ட அம்மகளுக்கு அப்போது ஐந்து வயது.

காயலான் கடையிலிருந்து ஒட்டுக்காரன் கொணர்ந்தவற்றுள், உள்ளே பீங்கான் பூசி, அடியில் குழாய் பொருத்திய பெருங்கலம் ஒன்று இருந்தது. ஏதோ உணவுவிடுதியில் உழைத்து ஓய்ந்த அக்கலம், குழாய் பொருந்துமிடத்தில் பூச்சு உதிர்ந்து, துருவேறி, ஒழுகிக்கொண்டிருந்தது. துருவைச் சுரண்டி, வானொலிகளுக்கென வைத்திருந்த ஈயத்தை உருக்கி, உள்ளே மோதிரம்போலத் தடிப்பாக வளைத்து வைத்து, ஒரு சொட்டும் வெளியேறாதவாறு அவன் அதை அடைத்தான். புளிப்பைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்பதை நன்கறிந்த மனையாள், பீங்கான் பூச்சுக்கு அந்தக் கேடில்லை என்று மகிழ்ந்து, தன் பழக்காடி முழுவதையும் அதில் நிறைத்தாள்.

பின்னர் நிகழ்ந்ததுதான் வியப்பு. மண்சாடியில் இருந்தபோது நாக்கைச் சுண்டிய காடி, கலத்திற்கு மாறிய சில வாரங்களில் மென்மையாகி, லேசாக இனிக்கவும் தொடங்கியது. "என் கைப்பக்குவம்" என்றாள் அவள். "என் பாத்திரத்தோட குணம்" என்றான் அவன். இருவரும் அதற்காகச் செல்லமாய்ச் சண்டையிட்டுக்கொள்ள, சிட்டு நாள்தோறும் ஒரு குவளைக் காடியில் நீரும் தேனும் கலந்து வாங்கிக் குடித்து, வேறெதையும் தொடமாட்டேனென்று அடம்பிடித்தாள்.

அந்தச் சிட்டுதான் இப்போது சிறகொடுங்கிக் கிடந்தாள். ஓடியாடித் திரிந்தவள் சுவரோரம் சாய்ந்தாள், முகம் வெளிறிற்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு நான்கு முறை அழுதாள். பூச்சியாயிருக்கும் என்றாள் ஒருத்தி, கண்ணேறாயிருக்கும் என்றாள் மற்றொருத்தி. பசியெடுக்கட்டும் என்று தாய் அவளுக்கு இன்னும் அரைக்குவளை காடியைக் கூட்டிக் கொடுத்தாள். இதை எழுதும்போதே எமக்கு நெஞ்சு பதறுகிறது. அவளுக்கோ அன்று அது அன்பின் செயலாகவே தோன்றியது.

செய்தி மனையாளின் தமையனை எட்டியது. நகரின் மறுகோடியில் மின்கலங்கள் செய்யும் பட்டறையொன்றில் மேற்பார்வையாளனாயிருந்த அவன், தங்கையின் வாழ்வை முதலிலிருந்தே குப்பை வாழ்வென்று வெறுத்தவன். குழந்தையும் நோயுற்றதென்று கேட்டதும் பொறுமையிழந்து, தங்கையையும் மருமகளையும் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவது, மைத்துனனைத் தன் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ப்பது என்னும் முடிவோடு, அந்த மாலையில் தன் சிற்றுந்தைக் கட்டிற்கதவின் முன் நிறுத்தினான். தங்கை அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு வேளை எங்க வீட்ல சாப்பிடுங்கண்ணா. சாப்பிட்டப்புறமும் இது சரியில்லன்னு தோணுச்சுன்னா, நானே பையைத் தூக்கிட்டு உங்க பின்னாடி வந்துடறேன்."

ஆகவே அது வெறும் விருந்தன்று, வழக்கு. அவள் பரிமாறிய ஒவ்வொன்றும் அவள் பக்கத்துச் சான்று. தோற்றால் அவள் இழப்பது தன் கையால் எழுப்பிய வீட்டை.

தமையன் ஐயத்தோடு இருக்கையில் அமர, அது கிறீச்சிட்டது. "மாப்ள, இது எதுல செஞ்சது? உக்காந்தா பேசுது?"

"எண்ணெய் பீப்பா மச்சான். பேசாது. கொஞ்சம் முனகும், அவ்ளோதான்."

தமையன் சிரித்துவிட்டான். சூடான ரொட்டியைப் பிட்டுக் கீரையோடு தோய்த்து உண்டவன், மறுபடி தட்டை நீட்டினான். தங்கையின் மூச்சு சற்றே எளிதாயிற்று. காடிநீரைப் பருகியவன் புருவத்தை உயர்த்தி, "இனிக்குதே! எப்படிடி செஞ்ச?" என்று கேட்க, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வழக்கமான சண்டைக்கு ஆயத்தமானார்கள். வழக்கு ஏறத்தாழ வென்றாயிற்று.

"சரி, பட்டறையில எனக்கு என்ன வேலைதான் வெச்சிருக்கீங்க?" என்று வினவினான் ஒட்டுக்காரன், வெற்றியின் இறுமாப்போடு.

"ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்தணும். உங்க கைக்கு அது விளையாட்டு. என்ன, ஆரம்பத்துல கொஞ்சம் சாப்பாடு எறங்காது, வயித்தைப் புடிச்சு இழுக்கும், மூஞ்சி வெளுத்துப்போகும். எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கே வந்துது. பழகிடும்."

அச்சொற்கள் மனையாளின் செவியில் விழுந்து, போகாமல் அங்கேயே நின்றன.

அந்நேரம் பார்த்து அடுக்களை மூலையில் ஓர் ஓசை கேட்டது. டொக். சற்றே இடைவெளி விட்டு, மீண்டும் டொக். பெருங்கலத்தின் குழாய் பொருந்துமிடத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, தரையில் வீழ்ந்தது. காலையில் அவ்விடம் ஈரமாயிருந்ததை மழைநீரென்று துடைத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அது ஒண்ணுமில்ல. ஈயம் கொஞ்சம் விட்டிருக்கு" என்றான் கணவன். "நாளைக்கு மறுபடி வெச்சு அடைச்சுடறேன்."

அவள் எழுந்து சென்றாள். மூடியைத் திறந்து, பாதியளவே இருந்த காடிக்குள் முழங்கை நனையக் கையை விட்டு, குழாயின் வாயைத் தடவினாள். கழுவும்போதெல்லாம் துணியைப் பற்றி இழுத்த அந்தத் தடித்த வளையம் அங்கே இல்லை. விரல்நுனிக்கு அகப்பட்டது, எலி கொறித்தாற்போல் அரிபட்ட ஒரு மெல்லிய ஓரம் மட்டுமே. கலத்தின் வெளியே ஒரு பொடி ஈயமும் விழுந்ததை அவள் கண்டதில்லை.

அன்பரே, அந்த நொடியில் அவள்முன் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு திரும்பிவந்து, கை தவறியதுபோல் குழந்தையின் குவளையைக் கவிழ்த்துவிட்டு, தமையனைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பியபின் கணவனிடம் தனியே கேட்கலாம்; வீடு நிலைக்கும், மானம் நிலைக்கும், ஊர் வாய்க்கு அவல் கிடைக்காது. ஆனால் மகளின் வயிற்றுக்குள் முன்பே போனதைக் கவிழ்க்க எந்தக் கையால் முடியும்? எத்தனை நாள் போயிற்று, எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் கேட்கும்போது, இங்கே விழுங்கிய சொல்லை அங்கே எப்படிச் சொல்வது? இவ்வளவும் அவள் நெஞ்சில் ஓடி முடிவதற்குள் இன்னும் இரண்டு துளிகள் வீழ்ந்தன.

"ஏங்க" என்றாள், திரும்பாமலே. "நீங்க முன்ன வெச்ச ஈயம் எங்க போச்சு?"

தமையன் தன் குவளையை மெல்லக் கீழே வைத்தான். சிட்டு மட்டும் ஒன்றுமறியாமல் தன் குவளையை இரு கைகளாலும் ஏந்தி உதட்டருகே கொண்டுசெல்ல, தாய் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டழுதது.

"என்ன ஈயம் மாப்ள அது?" என்றான் தமையன்.

"கடையில இருந்தது. ரேடியோவுக்கு வெக்கிறது." ஒட்டுக்காரன் கலத்தையே பார்த்தான். "வெள்ளீயத்தோட காரீயம் கலந்தது, மச்சான்."

தமையன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்; வழியெல்லாம் சிற்றுந்தின் பின்னிருக்கையில் தாய் மகளின் வயிற்றை நீவிக்கொண்டே வந்தாள்; ஒட்டுக்காரன், தான் அடைத்த கலத்தைத் தன் மடியிலேயே இறுக அணைத்து வந்து, மருத்துவமனையில் யாரும் கேட்குமுன்பே மேசைமேல் வைத்தான். "நான்தாங்க அடைச்சேன். இதுல இருந்துதான் குழந்தை குடிச்சுது" என்றான். தன்மேல் பழிவராமல் சொல்ல ஆயிரம் வழிகள் இருந்தும் அவன் ஒன்றையும் தேடவில்லை என்பதை நாம் இங்கே குறித்தல் வேண்டும்.

மறுநாள் பிற்பகல் முடிவு வந்தது. அவர்கள் அஞ்சியது உண்மையே. காடியின் புளிப்பு அரித்துக் கரைத்த, அதற்கு இனிப்பூட்டிய அந்த நச்சுக் காரீயம் சிட்டின் குருதியில் கலந்திருந்தது. மருத்துவம் பார்த்த அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. அவர் கடிந்துகொண்டிருந்தால் அவர்களுக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

"மருந்து குடுக்கறோம். கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். நல்லவேளை, இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்க. என்ன குடிச்சாள்னு நீங்க சொல்லலைன்னா நாங்க வேற எதையோ தேடிட்டிருப்போம்."

"முழுசா சரியாயிடுமாம்மா?" என்றாள் தாய்.

"எவ்ளோ பாதிச்சிருக்குன்னு வளர வளரத்தான் தெரியும்."

ஒட்டுக்காரன், பொருந்தாத ஏதோ ஒன்றைக் கழற்றி வைப்பவன்போல், மெதுவாகச் சொன்னான். "மச்சான், ரெண்டு பேரையும் உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே நான் பட்டறைக்கு வந்துடறேன். இனிமே இந்தக் கையால எதையும் தொட மாட்டேன்."

தமையன் எதைப் பெற வந்தானோ அது முழுவதும் அவன் கையில் வந்து விழுந்தது. மனையாள் தலைகவிழ்ந்து அவன் விடைக்குக் காத்திருந்தாள்; பையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை. ஆனால் தமையன் மைத்துனனைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. எத்தனை முறை தேய்த்தும் போகாத கருமை படிந்த தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், அம்மையார் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். ஈயத்துல வேலை செய்றவனுக்கு வயித்து வலி வந்து, அப்புறம் பழகிடுதுன்னு வெச்சுக்குங்க. உள்ள போன ஈயம் எங்க போகும்?"

"பெரும்பாலும் எங்கயும் போகாது. எலும்புல போய்த் தங்கிடும்" என்றார் அவர், பிறகு அவன் கைகளைக் கண்டு, "எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

அவன் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டினான். "எனக்கும் எடுத்துப் பாத்துடுங்க." பின்னர் தோளுக்கு மேலே, யாரையும் பாராமல், "பட்டறைக்கு நீங்க வர வேணாம், மாப்ள. என் கீழ இருக்கற பசங்க அத்தனை பேருக்கும் பழகிடும் பழகிடும்னு சொன்னவன் நான். ஒருத்தனும் என்னைக் கேக்கலை, இவ உங்களைக் கேட்டாளே, அந்த மாதிரி. கேட்டிருந்தா வாயை மூடுன்னு சொல்லியிருப்பேன். நீங்க பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்தீங்க. இவளை இவ வீட்லயே விட்டுட்டுப் போறேன்" என்றான்.

மனையாள் அப்போதுதான் அழுதாள்.

கையால் செய்தது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுவதில்லை. விலைக்கு வந்தது என்பதனாலேயே ஐயமற்றதாகிவிடுவதுமில்லை. நாம் உண்பதையும் உடுப்பதையும் யார் செய்தாலும், இது எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று கேட்கும் ஒரு வாயும், கேட்டவரைச் சினவாத ஒரு செவியும் இருக்கும் வீடே வீடு. கடைசித் தெருவின் அவ்வீட்டில் இன்றும் ரொட்டி வேகிறது, கீரை தழைக்கிறது, காடி மண்சாடியில் புளிப்பு மாறாமல் நாக்கைச் சுண்டுகிறது. கலம் இருந்த மூலையில் மட்டும் எதுவும் வைக்கப்படவில்லை. சிட்டு வளர்கிறாள், வளர வளரத் தெரியும் என்னும் சொல் அவ்விருவரின் காதிலும் வளர்கிறது.

அன்று மருத்துவமனையில் தமையன் கையில் ஊசி ஏறும்போது, ஊரையே அதட்டும் அந்தப் பெரிய மனிதன் கண்களை இறுக மூடிக்கொண்டான். தாயின் மடியிலிருந்து இறங்கிவந்த சிட்டு, கருமை படிந்த அவன் மறுகையைத் தன் சிறுகைகளால் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மாமா" என்றாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."