கேட்கும் தூரம்

சின்னவன் தாய்ப்பாலை மறந்த மூன்றாம் நாள், அவள் பரண் மேலிருந்த ஓட்டக் காலணிகளை இறக்கினாள். ஆறு வருஷம் சும்மா கிடந்ததில் பசை காய்ந்து, அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. புதுசு வாங்கினாள். ஆசை யாரை விட்டது? ஆனால் இரண்டு பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆசை தெரியுமா? முதல் வாரம் கழிப்பறையில் உட்கார்ந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

காலையில் அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கப் போவாள். மதியம் கணவன் பேருந்து ஓட்டப் போவான். வாசலில் பிள்ளைகளைக் கைமாற்றிக்கொள்வதுதான் அவர்கள் இல்லறம். பிள்ளைகள் இரண்டும் தூங்கும் இரண்டு மணி முதல் மூன்று மணி வரைதான் அவளுக்கு ஓடக் கிடைத்த நேரம். தொட்டிலருகே ஒரு மைக்கை வைத்து, கதவைப் பூட்டி, அதன் சத்தத்தைக் கேட்கும் கருவியை இடுப்பில் சொருகிக்கொண்டால் குழந்தைகள் புரண்டு படுப்பதுகூட அவள் காதில் விழும். கணவன் அந்தக் கருவியோடு தெருத் தெருவாக நடந்து பார்த்து எல்லை வகுத்திருந்தான்.

"தபால் ஆபீஸ் முனை வரைக்கும் நல்லா கேக்குது. அதைத் தாண்டினா வெறும் இரைச்சல்தான். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி ஓடு, யார் வேணாம்ங்கறா? முனையை மட்டும் தாண்டாதே."

இரண்டாவது வாரம், பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். இடது பக்கம், அரை அடி பின்னால். மூன்று எட்டுக்கு மூச்சை இழுத்து, இரண்டு எட்டுக்கு விடும் சத்தம். திரும்பினால் கொடியில் காயும் துணியைத் தவிர யாருமில்லை. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. லேஸ் கட்டக் குனிந்தால் அதுவும் நின்றது. அப்படி மூச்சு விட்டு ஓடுகிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அக்கா. ஒன்பது வருஷம் அதே இடது பக்கத்தில் கூடவே ஓடியவள்.

பட்டப்பகலில் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஓட்டத்தை நிறுத்த மனசு வரவில்லை.

அக்காவோடு ஓடிய கடைசிப் பந்தயம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முப்பத்திநாலாவதில் அக்கா பின்தங்கினாள். இவளோ வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். "'நீ போடி, நான் பின்னாலேயே வர்றேன்'னு அக்கா சொன்னா," என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவளைக் கூப்பிட்டாள். இவளுக்குக் கேட்டது. வெறும் சதைப்பிடிப்புதான், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்து ஓடினாள். இவள் கழுத்தில் பதக்கம் விழுந்தபோது அக்காவின் இதயம் நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது.

நினைவு நாள் தவறாமல் அம்மா போன் செய்வாள். "அவளே போகச் சொன்னதுக்கு நீ என்னடி பண்ணுவே?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆறு வருஷமாக யாரும் அந்தச் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

காலடி கேட்கத் தொடங்கி ஒரு மாதம் ஆன ஒரு மதியம் கால்கள் பழையபடி பறந்தன. ஒன்பது கிலோமீட்டர் முடிந்தபோது, இதே வேகத்தில் போனால் பத்தையும் ஐம்பது நிமிஷத்துக்குள் முடித்துவிடலாம் என்றது கைக்கடிகாரம். வீட்டைச் சுற்றினால் நாலு திருப்பமும் வேகத்தைத் தின்றுவிடும். தபால் ஆபீஸைத் தாண்டினால் நேர்ச் சாலை. போய்த் திரும்பினால் சரியாக ஒரு கிலோமீட்டர். ஓட்டக்காரர்களுக்கென்றே ஒரு கிறுக்கு உண்டு: வீடு தீப்பிடித்து எரிந்தாலும் கடிகாரத்தில் முழு எண் விழாமல் நிற்க மாட்டார்கள்.

முனையை நெருங்கும்போது இடுப்பிலிருந்து தெளிவாகக் கேட்டது. "அம்மா!" நாலு வயது மகளின் குரல்.

கால்கள் நிற்கவில்லை. அஞ்சே நிமிஷம், வந்துவிடலாம்.

கூடவே வந்த காலடி முனையிலேயே நின்றுவிட்டது. அந்த நீளச் சாலையில் அவளுடைய மூச்சும் கருவியின் இரைச்சலும்தான் மிச்சம். ஒரு மாதமாகப் பின்தொடர்ந்து பயமுறுத்தியது இப்போது இல்லை என்பதுதான் அவளை நடுங்க வைத்தது. அப்போதும் ஓடினாள். நாற்பத்தொன்பது நிமிஷம், நாற்பது விநாடி.

கதவைத் திறந்தாள். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் தலை. தொட்டிலிலிருந்து விழுந்திருந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தவனின் வாயில் ஈரத் துண்டை ஒற்றிக்கொண்டிருந்தாள் மகள். தினம் நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறவள் மண்டியிட்டு அந்தத் துண்டை வாங்கினாள்.

"கூப்பிட்டேம்மா. உனக்குக் கேக்கலையா?"

'கேக்கல' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆறு வருஷப் பழக்கம்.

"கேட்டுச்சு," என்றாள்.

"அப்புறம் ஏன் வரல?"

குழந்தை கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காயத்தைக் கழுவி மருந்து வைத்து, சின்னவன் தோளில் தூங்கிப்போன பிறகு, அவனை இறக்காமலே அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? பசங்க தூங்கலையா?"

"அம்மா, அக்கா என்னைப் போகச் சொல்லல. கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை மூடினாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டா?"

"மூணு," என்றாள்.