அந்தர மாமாவுக்கு ஒரு பெஞ்சு

1

மூன்று நாற்பதுக்கு என் தங்கை முதல் மாமாவைப் பார்த்தாள்.

இந்தக் கதை அந்த நிமிடத்தில் பிறந்தது. ஒரு நீண்ட ரயில் பயணத்திலோ கனவிலோ பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பிறந்த இடம் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் ரசிகர் விழா. காபி இயந்திரத்துக்கும் கழிவறை வாசலுக்கும் நடுவில்.

மாமா பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். கையில் மூடிய கறுப்புக் குடை. சுவரோரமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே எதுவும் இல்லை.

தங்கை என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணா, அவர் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கார்?"

"வித்தை காட்டுறார் போல."

"இல்ல. அது என் பக்."

(இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணினிக்காரர்கள் பிழையை பக் என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது தங்கையின் தொழில். இந்தக் கதையை முதலில் படித்தவளும் அவள்தான். ஓரங்களில் குறிப்பு எழுதினாள். சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். சதுர அடைப்புக்குள் 'த' என்று தொடங்குபவை அவளுடையவை.)

[த: மூன்று நாற்பத்திரண்டு. போகட்டும்.]

2

இந்தப் பகுதியை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

அரங்கத்துக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

மழை இல்லை. நல்ல வெயில். விளையாட்டுக்குள்தான் மழை.

விளையாட்டு இதுதான். ஓர் ஊரில் மழை நிற்பதே இல்லை. நீங்கள் குடை ரிப்பேர் செய்பவர். தெருத்தெருவாகப் போய்க் கம்பி மாற்றுவீர்கள், துணி தைப்பீர்கள். சண்டை கிடையாது. துப்பாக்கி கிடையாது. இதை யார் விளையாடுவார்கள் என்று தங்கையிடம் கேட்டேன்.

"நீ எழுதுறதை யார் படிக்கிறாங்க?" என்றாள்.

ஒரு வருடத்துக்கு முன்னால் விளையாட்டின் முதல் தெருவை மட்டும் மாதிரிக்காக வெளியிட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு பெஞ்சு, ஒரு பெரியவர். மழை வலுத்தால் பெரியவர் பெஞ்சில் உட்கார வேண்டும். ஆனால் ஓவியர் கடைசி நேரத்தில் பெஞ்சை இரண்டடி தள்ளி வைத்துவிட்டார். பின்னாலிருந்த கடைப்பலகையை அது மறைத்ததாம். பெரியவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். காற்றில், கால்மேல் கால் போட்டு, நிம்மதியாக.

ரசிகர்கள் அவருக்கு அந்தர மாமா என்று பெயர் வைத்தார்கள்.

தங்கை நிறுவனத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஒப்பந்த வேலை. விளையாட்டு வெளியானதும் முடிந்துவிடும். யார் அடுத்த விளையாட்டுக்குத் தொடர்வார்கள் என்பதை நிறுவனத் தலைவர் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். இன்னும் சொல்லவில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் தங்கை மாமாவைப் பார்த்தாள். பிழை என்று பதிந்தாள். சண்டை போட்டுச் சரிசெய்ய வைத்தாள். இப்போது மாமா பெஞ்சில் உட்காருகிறார். ஆயிரக்கணக்கான திருத்தங்களில் அதுவும் ஒன்று. பெரியக்காவுக்குத் தெரியாது. ரசிகர்களுக்கும் தெரியாது. ரசிகர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது தங்கைக்குத் தெரியாது. அவள் அதைப் படிப்பதில்லை.

[த: காரணத்தையும் எழுது. நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னதைக் கேட்டா, அப்புறம் என் கண்ணுக்குப் பிழை தெரியாது.]

அரங்கத்தைப் பற்றி. பெரிய கூடம். கூட்டம் அதிகம் என்று நாற்காலிகளைக் காலையிலேயே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. என் முழங்கால் இதை அடிக்கடி ஞாபகப்படுத்தியது. மேடையில் பெரிய திரை. திரைக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ஆறு மணிக்கு வெளியீடு. அதற்கு முன், அந்தர மாமா வேடப் போட்டி.

நாலு மணிக்குள் கூடத்தில் முப்பது மாமாக்களாவது இருந்தார்கள்.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். வாசகர் நம்பமாட்டார் என்று முதலில் இவரைப் பள்ளி ஆசிரியை ஆக்கினேன். பிறகு தபால் ஊழியர் ஆக்கினேன். இரண்டும் ஒட்டவில்லை. பல் டாக்டராகவே இருக்கட்டும். அவர் பல் டாக்டர்தான்.

கழிவறைப் பக்கம் உட்கார்ந்திருந்த முதல் மாமா அவர். ஒட்டு மீசை. தங்கை நேராகப் போய் அவர் கால்களைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"பேன்ட்டுக்குள்ள இரும்புக் கம்பி. என் மச்சான் வெல்டிங் பண்ணிக் கொடுத்தான். நடக்கும்போது கழட்டிடலாம்."

"எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

டாக்டர் மீசையை அழுத்திவிட்டுக்கொண்டார். "என் கிளினிக்குல நாற்காலியைப் பார்த்தாலே ஜனங்களுக்கு நடுக்கம். இவர் படத்தைத்தான் சுவத்துல ஒட்டியிருக்கேன். பாருங்க, நாற்காலியே இல்லாம எவ்வளவு தைரியமா உட்கார்ந்திருக்கார், உங்களுக்கு என்ன வந்ததுன்னு கேப்பேன். வாயைத் திறந்துடுவாங்க."

தங்கை சிரிக்கவில்லை.

"ஆறு மணிக்கு முழு ஆட்டத்தையும் மேடையில போடுறாங்களாமே," என்றார் டாக்டர். "மழை வந்து அவர் உட்காருற இடத்துல நாங்க எல்லாரும் சேர்ந்து உட்காரப்போறோம். நீங்க இந்த ஆபீஸா? பேட்ஜ் போட்டிருக்கீங்களே. என்ன வேலை?"

"டெஸ்டர்."

"அப்ப இவரைத் திருத்தாம விட்டது நீங்கதான். எங்காளு," என்றார் டாக்டர்.

[த: அப்போது என் முகத்தில் 'குற்ற உணர்வின் நிழல் படர்ந்தது' என்று எழுதியிருந்தாய். படரவில்லை. எனக்குக் கோபம். பிழைக்கு மீசை ஒட்டிக்கொண்டு வருகிறார்களே என்று.]

கோபம் காபி தீரும்வரைதான் இருந்தது. கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்: "அண்ணா, ஆறு மணிக்கு இவங்க எல்லாரும் அந்தரத்துல உட்காருவாங்க. அவர் மட்டும் பெஞ்சுல உட்கார்ந்திருப்பார்."

4

நிரல் எழுதுபவரை நிறுவனத்தில் தூக்கம் என்று கூப்பிடுவார்கள். மேடைக்குப் பின்னால் கேபிள் வைக்கும் அறையில், கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தார்.

"எழுந்திரிங்க. மாமாவைப் பழையபடி ஆக்கணும்."

"அவரை நீதானே பெஞ்சுல உட்கார வெச்சே. அதுக்கு என் உயிரை எடுத்தியே."

"இப்ப எழுப்பணும்."

"என்னையா, அவரையா?"

திரைச்சீலையை விலக்கிக் காட்டினாள். தூக்கம் முப்பது மாமாக்களையும் பார்த்தார். மடிக்கணினியைத் திறந்தார்.

"ஒரு எண்ணை மாத்தினா போதும். ஆனா நீ ஓகே போடாம வெளிய போகாது."

அதுதான் அங்கே விதி. யார் எதை மாற்றினாலும் டெஸ்டர் சோதித்து, தன் பெயரில் சரி என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எது உடைந்தாலும் அது டெஸ்டரின் தலையில்.

"தப்பைப் போய் நான் எப்படி சரின்னு போடுறது?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போடு. நான் அப்படித்தான் எழுதுறேன்."

"அது தெரியும். பஸ் என்னாகும்?"

முழு ஆட்டத்தில் மாமா பெஞ்சில் உட்கார்ந்தால்தான் பேருந்து வரும். பேருந்து வந்தால்தான் கதை அடுத்த தெருவுக்குப் போகும். வராவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். மேடையில், எல்லோருக்கும் முன்னால்.

"பெஞ்சை விட்டுட்டு, உட்கார்ந்தாரான்னு மட்டும் பார்க்கச் சொல்றேன். பஸ் வந்துடும்."

"வந்துடுமா, வரும்னு நம்புறீங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

தங்கை பெரியக்காவைத் தேடிப் போனாள். நானும் பின்னால் போனேன். ஒருவர் பெரியக்காவின் சட்டையில் மைக் குத்திக்கொண்டிருந்தார். பெரியக்கா முகத்தைத் திருப்பாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஓகே போடுறது உன் வேலை," என்றார். "நீ போட்டா புதுசை வெளியிடுறேன். போடலன்னா இருக்கிறதை வெளியிடுறேன். ரெண்டுல எதுன்னு என்னைக் கேக்காதே."

திரும்பி வந்து தங்கை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றவர் வீட்டில் படம் கோணலாகத் தொங்கினால் அனுமதி கேட்காமல் நேராக்குகிறவள் அவள். என் கல்யாணத்தில் வாழ்த்து மடலின் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அவளால் ஒரு தவறின் கீழ் சரி என்று எழுத முடியாது. எனக்கு அது தெரியும். கதை இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் புதிதாக ஒரு பிழையைப் பதிந்தாள்.

பிழை: பேருந்து நிறுத்தத்தில் பெரியவர் பெஞ்சில் உட்காருகிறார்.
நடக்க வேண்டியது: அந்தரத்தில் உட்கார வேண்டும்.
சான்று: அரங்கத்தில் இருக்கும் எல்லோரும்.

தூக்கம் படித்துவிட்டு முதல் முறையாக முழுசாக விழித்தார். "இதைச் சரிபண்ணலாம்," என்றார்.

எண்ணை மாற்றினார். தங்கை ஓட்டிப் பார்த்தாள். மழை வந்தது. மாமா காற்றில் உட்கார்ந்தார். பேருந்து வந்தது.

"வந்துடுச்சு," என்றேன்.

"ஒரு தடவை வந்தா வந்ததாகாது."

இரண்டாவது முறை ஓட்டத் தொடங்கியபோது வெளியே பெரியக்காவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. தங்கை தன் பெயரைத் தட்டினாள். சரி போட்டாள்.

[த: கை நடுங்கியதாக எழுதியிருந்தாய். வெட்டிவிட்டேன்.]

5

பெரியக்கா மேடையில் விளையாடினார். இரண்டு குடைகளை ரிப்பேர் செய்தார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். திரையில் மழை வலுத்தது. மாமா வானத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், இரண்டடி தள்ளிக் காற்றில் உட்கார்ந்தார்.

கூடம் அதிர்ந்தது. பல் டாக்டர் விசிலடித்தார். பற்களை நன்றாக அறிந்தவரின் விசில்.

தங்கை மாமாவைப் பார்க்கவில்லை. பேருந்து வர வேண்டிய தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. திரையில் மழை மட்டும். யாரோ இருமினார்கள். தூக்கம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஸ்தானே, வரும்," என்றார் பெரியக்கா மைக்கில். "காத்திருப்போம்."

டாக்டர் உட்கார்ந்தார். பக்கத்து மாமா உட்கார்ந்தார். வரிசை வரிசையாக மாமாக்கள் காற்றில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, தெரு முனையைப் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன், கால்மேல் கால் போட்டு. முழங்கால் நன்றி சொன்னது. தங்கை மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

6

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. பேருந்து வரவே இல்லை. ஆட்டத்தை அணைத்தார்கள். தங்கை பேட்ஜைக் கழற்றி [த: அழுமூஞ்சிக் கதை. வேண்டாம்.]

இரண்டாம் முடிவு. காத்திருத்தல் என்பது மனித வாழ்வின் [த: வேண்டவே வேண்டாம்.]

மூன்றாவது, நடந்தது.

தங்கை மேடைக்குப் பக்கத்தில் போனாள். திரையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

"அக்கா, நீங்க ரோட்டு நடுவுல நிக்கிறீங்க. பஸ் எப்படி வரும்? வழியை விடுங்க."

பெரியக்கா திரையைப் பார்த்தார். கூட்டத்தை வேடிக்கை பார்க்கிற அவசரத்தில் தன் ஆளைத் தெரு நடுவில் விட்டிருந்தார். ஓர் ஓரமாக நகர்த்தினார். முனையில் விளக்கு தெரிந்தது. பேருந்து வந்தது. மாமா எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். கூடத்திலிருந்த மாமாக்களும் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

விழா முடிந்து நடந்த விருந்தில் பெரியக்கா கையில் தட்டோடு எங்களிடம் வந்தார்.

"அடுத்த விளையாட்டுக்கு இருக்கியா?"

"மாமாவோட ஷூ தரைக்குள்ள கொஞ்சம் போகுதுக்கா. அதை முடிச்சிட்டுச் சொல்றேன்."

"அப்ப இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

7

ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்து கதையை முழுசாகப் படித்தாள். கூடத்துப் படத்தை நேராக்கிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சரி போட்டால் பத்திரிகைக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அவள் சொன்ன பிழைகளைத் திருத்தினேன். மூன்று நாற்பதை மட்டும் விட்டுவிட்டேன். அது ஓசைக்காக.

ஒரே ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பிழையா இல்லையா என்பதைச் சதுர அடைப்புக்கு வெளியே இருக்கும் நீங்கள் சொல்லலாம். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள். மறுபடி ஐந்துக்கு வந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நாற்காலியெல்லாம் லாரியில போயிடுச்சு. உன் பேன்ட்டுக்குள்ள கம்பியும் இல்ல. நீ எதுமேல உட்கார்ந்தே?"