கோழிப் படம் போட்ட கட்டி

கழுவிய சட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் றஸீனா மாமியின் குசினிக்குப் போனேன். அடுப்பருகே சூப்புக் கட்டி சுற்றிவந்த வெள்ளித் தாள்கள் கசங்கிக் கிடந்தன. ஒன்றை விரித்தேன். கோழிப் படம்.

ஆரையம்பதி முடிந்து காத்தான்குடி தொடங்கும் இடத்தில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே வேலி. நோன்பு தொடங்கியதிலிருந்து மாமி எங்களுக்குக் கஞ்சி தருகிறார். அம்மா மண்டூர் முருகனுக்கு நேர்ந்து ஒரு மாதம் மீன், இறைச்சி தொடாமல் மச்சம் விட்டிருப்பது தெரிந்ததும், இறைச்சி படாத புதுச் சட்டியும் அகப்பையும் எங்களுக்கென்றே வாங்கினார். நேர்த்தி என் வேலைக்காக. ஆசிரியர் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாளோடு மாதம் நிறைகிறது.

“மாமி, இந்தக் கட்டிய எங்கட கஞ்சிக்கும் போடுறீங்களா?”

“ருசிக்கு ஒண்டு போடுவன். ஏன் மகள்?”

தாளைக் காட்டினேன். உப்பும் மசாலாவும் அடைத்த கட்டி, படம் சும்மா படம் என்றுதான் நினைத்திருந்தாராம். சொல்லிக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை இல்லை. நான் படித்த ஆய்வுகூடத்தில் மாதிரியில் வேறு பொருள் கலந்தால் கலந்தவரின் மனத்தை யாரும் விசாரிப்பதில்லை; கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவோம். ஆனால் இது கஞ்சி. அதில் கோழி இருந்தாலும் மிகச் சொற்பம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், உங்கள் மனம் சுத்தம், அது போதும் என்றேன். ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது எனக்கே புதிது.

“எனக்கு ஒராள் தெரியாம ஹறாமான பண்டிக் கொழுப்பு ஒரு துளி போட்டுத் தந்தா, நல்ல மனசெண்டு சொல்லாம இருந்திருவியா?”

மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியைக் கடந்தார்.

அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவின் கை நின்றது. வாவிப் பக்கமிருந்து வந்த காற்று சுளகிலிருந்த இலைகளைப் புரட்டியது.

“நீ என்ன நஞ்சா தந்த?” என்றார் அம்மா கடைசியில். “நோன்போட நிண்டு காச்சின கஞ்சி. அதுல ஒரு குறையுமில்ல. ஆனா நேர்த்தி நேர்த்திதான் கா, றஸீனா. நாளைக்குத் திரும்பத் தொடங்கிறன்.”

“அப்ப பிள்ளைட இன்டவியூ, அக்கா? அது இடையில வந்திருமே.”

“அதுக்கு முதல்ல அவள் வாயத் திறக்கோணும்.”

“என்னோட நல்லாத்தான் திறந்தாள்.”

மறுநாள் மாலைப் பாங்குக்குச் சற்று முன் கஞ்சி வந்தது. சட்டி இன்னொரு புதுச் சட்டி. அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கட்டி போடாத கஞ்சி வெளிறியிருந்தது. பாங்கு சொன்ன பிறகு அம்மா ஒரு வாய் குடித்தார். வேலிக்கு அப்பால் மாமி, நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி, அம்மாவின் முகத்தையே பார்த்து நின்றார்.

அம்மா உப்புப் போத்தலுக்குக் கை நீட்டினார்.