வெறும் தண்ணீர்

என் கணவர் தம் அறிக்கைகளில் "இல்லை" என்ற சொல்லை எழுதியதே கிடையாது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. ஈயம் கலந்திருக்கிறதா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி நாலா பக்கமிருந்தும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். தேடியது அகப்படாவிட்டால் "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவார். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். சின்னச் சொல் போதுமான இடத்தில் நீளச் சொல் நின்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டேன்: "இல்லை"ன்னு எழுதினா என்ன குறைஞ்சுடும்?

"எங்க மெஷினுக்கு எட்டலைங்கறது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனின் காதில் விழும்படியும் சொல்லிவிட்டார்.

அண்ணன் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு காலையில் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய்விட்டு, நண்பகலில் நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விவாதத்துக்கு உட்காருவார். அறிவியல் படித்த அந்த இரண்டு பேரில் ஒருவர் கடவுளை நம்பினார், ஒருவர் நம்பவில்லை. நான் இருவருக்கும் பரிமாறினேன். என்னுடைய கட்சி எது என்று இருவரும் கேட்டதில்லை.

அண்ணன் யாரிடம் அவரை அறிமுகப்படுத்தினாலும், "எங்க மாப்பிள்ளைக்குக் காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் தண்ணிதான்" என்பார். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து இருவருமே சிரிப்பார்கள். என் கணவர் அண்ணனை வக்கீல் என்று கூப்பிடுவார். கட்சிக்காரர் கோர்ட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்கிறார், வக்கீல் மட்டும் வாரம் தவறாமல் வந்து வாதாடிவிட்டுப் போகிறார் என்பது அவருடைய கேலி. கடவுளை அவர் எப்போதும் "உங்க ஆள்" என்றுதான் குறிப்பிடுவார்.

விவாதம் ஒரே தடத்தில் போகாது. இந்த உலகம் ஏன் கணக்குக்குக் கட்டுப்படுகிறது, ஒரு சமன்பாட்டை இங்கே எழுதினால் அது ஏன் நட்சத்திரத்திலும் செல்லுபடியாகிறது என்று அண்ணன் கேட்பார். அதுவே தனக்குப் போதிய ஆச்சரியம், அதன் பின்னால் ஒருவரை நிற்கவைத்தால் அவர் எங்கிருந்து வந்தார் என்று இன்னொரு ஆச்சரியம் கூடுகிறதே தவிர ஒன்றும் குறையவில்லை என்பார் என் கணவர். கடவுள் பாட்டிலுக்குள் கலந்திருக்கும் ஒரு பொருள் அல்ல, தண்ணீர் என்று ஒன்று இருப்பதற்கே அவர்தான் காரணம் என்பார் அண்ணன். அப்படியென்றால் சோதிக்க வழியில்லை, சோதிக்க வழியில்லாததில் தான் கையெழுத்துப் போடுவதில்லை என்பார் இவர்.

"கண்டறியப்படவில்லை" அண்ணனிடம் சிக்கியது இப்படி ஒரு கட்டத்தில்தான். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப மாப்பிள்ளை, கடவுள் விஷயத்துலயும் நீங்க 'இல்லை'ன்னு எழுத முடியாது. 'கண்டறியப்படவில்லை'ன்னுதான் எழுதணும்."

"சரி மச்சான், எழுதிடறேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கு ஜெயித்த முகம்.

"ஆனா அப்படி எழுதின கையோட, இந்தத் தண்ணியைக் குடிக்கலாம்னும் எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார் என் கணவர். "எட்டாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டு யாரும் தாகத்தோட உக்காந்திருக்க வேண்டாம்."

அண்ணன் சிரித்துவிட்டார். தோற்றுப்போனால் சிரிக்கிற மனுஷர் அவர். அடுத்த வாரம் வேறு வாதத்தோடு வந்தார்.

என் விஷயத்தையும் சொல்ல வேண்டும். காலையில் அடுப்பில் தண்ணீர் சூடாகிற நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது என் பழக்கம். எனக்கும் கடவுளுக்கும் பேச அந்த நேரம் போதும். அந்த நேரத்தில் என் கணவர் சமையலறைக்குள் வர மாட்டார். காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நிற்பார். நான் திரும்பியதும், "லைன் கட் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவார். நம்பாதவர் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். டெலிபோனில் பேசுகிறவர்களை யாராவது தொந்தரவு செய்வார்களா, மறுமுனையில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு காலத்தில் அந்த சன்னலில் நின்று நான் வேறு எதையுமே கேட்கவில்லை. இனி கேட்டுப் பிரயோஜனமில்லை என்று மருத்துவர்கள் சொன்னபிறகு சன்னல் பக்கம் திரும்புவதை விட்டேன். வெகுகாலம் விட்டிருந்தேன். காலையில் அடுப்பைப் பற்றவைப்பேன், தண்ணீர் கொதிக்கும், இறக்குவேன். அவ்வளவுதான். அந்தக் காலத்திலும் அவர் பழக்கதோஷத்தில் வாசற்படியில் வந்து நிற்பார். நான் சும்மாதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் தயங்கித் தயங்கி உள்ளே வருவார். பிறகு என்றோ ஒரு நாள், காரணமே இல்லாமல், நான் மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பினேன். அன்று கோப்பையோடு அவர் வெளியே நின்ற நிற்பை நான் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே வந்தபோது வழக்கமான கேலியைச் சொல்லவில்லை.

அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த வாரம் அண்ணன் சாப்பாட்டைத் தொடவேயில்லை. கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடப் போவதாகவும், எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

"வேண்டாம் மச்சான்" என்றார் என் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எங்கள் இருவருக்கும் வெறும் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்.

சோதனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதி பாட்டில்களோடும் ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம். கூடத்தில் அதற்கு வெறும் தண்ணி என்று பெயர். மற்ற பாட்டில்களுக்கு நடக்கிறதெல்லாம் அதற்கும் நடக்கும். அதே அமிலம், அதே வடிதாள், அதே இயந்திரம். ஒன்றே ஒன்று மட்டும் அதில் இருக்கக் கூடாது, தேடுகிற பொருள். அந்த பாட்டில் சுத்தமாக நின்றால்தான் மற்ற பாட்டில்களைப் பற்றி வாய் திறக்கலாம். வெறும் தண்ணியில் ஏதாவது தென்பட்டால் அதைக் கலந்துவிட்டது நம் கைதான் என்று அர்த்தம். அப்புறம் அந்தத் தொகுதியின் முடிவை யாரும் எழுத முடியாது. அத்தனையையும் கீழே ஊற்ற வேண்டியதுதான். தானே ஒரு தடவை முழங்கை வலிக்குத் தைலம் தடவிய கையோடு மூடியைத் திறந்து ஒரு தொகுதியைக் கெடுத்ததாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில நான் படுக்கப்போற வார்டுல ஒவ்வொரு கட்டிலுக்கும் யாராவது வேண்டிக்கிட்டுதான் இருக்காங்க. எனக்கு ஊசி, மருந்து, டாக்டர் எல்லாம் அவங்களுக்கு நடக்கற மாதிரியே நடக்கட்டும். அது ஒண்ணு மட்டும் வேண்டாம். நான் வெறும் தண்ணியா இருந்துக்கறேன்."

அண்ணன் நெடுநேரம் வாதாடினார். கடவுளைச் சோதனை போட முடியாது, அவர் ஈயம் இல்லை என்றார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நோயாளி கேட்டதைக் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டினார். அடுத்ததாக என் கணவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் இந்த மனிதருக்கு விவாதத்தில் ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் போனபிறகு அப்படியே கேட்டும்விட்டேன்.

அவர் மடியில் கிடந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"மச்சானுக்குச் சொன்னது ஒரு சாக்கு. நான் உன்னை நினைச்சுதான் சொன்னேன். நீ முன்னாடி ஒரு தடவை கேட்டுக் கிடைக்காமப் போனதை நான் பாத்திருக்கேன். இந்த நோய் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்மா. நீ கேட்டு, கிடைக்கலைன்னா, உனக்கு நானும் இருக்க மாட்டேன், அவரும் இருக்க மாட்டார். அப்புறம் இந்த வீட்டுல நீ எப்படித் தனியா இருப்பே?"

"உங்க ஆள்" என்று கேலியாகவே குறிப்பிட்டு வந்தவர் கடவுளை "அவர்" என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுப்பது சுலபமாக இருந்தது. காலையில் சன்னல் பக்கம் திரும்பினால் வாயில் முதலில் வருவதே அவருடைய பெயர். அதை விழுங்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்காக வேண்டிக்கொண்டேன். அவருடைய மகளுக்காக, ஊசி போட வரும் தாதிக்காக, எங்களை ஏற்றிச்செல்லும் கார் ஓட்டுநரின் முதுகுவலிக்காக வேண்டிக்கொண்டேன். அந்த வார்டையே சுற்றிவந்தேன், அவருடைய கட்டில் ஒன்றைத் தவிர. தரை துடைக்கிறவர்கள் அலமாரியைச் சுற்றித் துடைப்பார்களே, அப்படி. துடைத்து முடித்தபிறகு அலமாரி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அறுவை முடிந்து, மருந்துகள் ஏறி, எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தேறினார். மாடிப்படி ஏறினார். ஸ்கேன் அறிக்கையை மருத்துவர் எங்களிடம் கொடுத்தபோது அதில் கட்டி "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. அவர் அந்த வரியை விரலால் தொட்டு, "எழுதினவர் நல்லா வேலை கத்துக்கிட்டவர்" என்றார். நான் அந்த ஒரு தடவை அதை "இல்லை" என்று படித்தேன்.

அந்த ஞாயிறு அண்ணனால் உட்கார முடியவில்லை. சாப்பிடுவதற்கு முன்பே கொட்டிவிட்டார். முதல் வாரத்திலிருந்தே கூட்டம் முழுவதும் என் கணவருக்காக வேண்டிக்கொண்டிருந்ததாம். தானும் தினமும் வேண்டிக்கொண்டாராம்.

"அப்ப அன்னிக்குத் தலையாட்டினது?" என்று கேட்டார் என் கணவர்.

"வக்கீல் பொய் சொல்றது உங்களுக்குப் புதுசா மாப்பிள்ளை?"

என் கணவர் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. "வெறும் தண்ணியில கையை விட்டுட்டீங்களே மச்சான். எல்லாம் போச்சு. இனிமே இது எப்படி முடிஞ்சாலும் உங்க பக்கமும் எழுத முடியாது, என் பக்கமும் எழுத முடியாது. கீழே ஊத்த வேண்டியதுதான்."

ஊற்றினால் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆள் பிழைத்தால் சரி என்றார் அண்ணன். அன்று இருவரும் நிறையச் சாப்பிட்டார்கள்.

மழைக்காலம் வருவதற்குள் நோய் திரும்பியது. இந்தத் தடவை கண்டறிய இயந்திரம் தேவைப்படவில்லை. அவர் ஒரு பிற்பகலில், தூங்கிக்கொண்டிருந்தபோதே போனார். நான் பக்கத்தில் மெய்ப்புத் தாள் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது மூச்சு நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டபடியே சடங்கு எதுவும் வைக்கவில்லை. அண்ணன் ஒரு ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதடு அசையவில்லை.

அதன்பிறகு அண்ணன் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் நண்பகலில் வருவதில்லை, காலையிலேயே வந்துவிடுவார். கூட்டத்துக்கு நேரமாகவில்லையா என்று முதல் வாரம் கேட்டேன், தலைவலி என்றார். அடுத்த வாரமும் சீக்கிரம் வந்தார். தலைவலி இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கேட்டது கிடைக்காமல் நான் கடவுளையும் இழந்துவிடுவேன் என்று பயந்து என் கணவர் என்னைப் பாதுகாத்தாரே, அந்த இழப்பு என்னைத் தாண்டிப் போய் அண்ணனைப் பிடித்திருந்தது.

"தினம் கேட்டேன். ஒரு நாள் விடலை" என்றார் அண்ணன், நான் கேட்காமலே. "அத்தனை பேர் கேட்டோம். நல்லாக்கிக் காட்டிட்டு அப்புறம் எடுத்துக்கிட்டா, அதுக்கு என்னம்மா அர்த்தம்? மாப்பிள்ளைதான் ஜெயிச்சார். எழுதிடு."

அவர் வாயில் வழக்கு முடிந்துபோனதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. எனக்கென்று வாதம் எதுவும் கிடையாது. இத்தனை வருஷமும் பரிமாறியவள்தானே நான். என்னிடம் இருந்தது அவர் சொல்லிவிட்டுப்போனது மட்டும்தான்.

"நீங்கதானேண்ணா வெறும் தண்ணியில கையை விட்டீங்க" என்றேன். "கெட்டுப்போன தொகுதியை வச்சு யாரும் முடிவு எழுதக் கூடாதுன்னு அவர் சொன்னாரில்ல. அவர் தேறினப்ப உங்க பக்கம் எழுத விடலை. இப்ப அவர் பக்கம் மட்டும் எப்படி எழுதுவீங்க? அவரே ஒத்துக்க மாட்டார்."

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "போயும் போயும் அவர் சட்டத்தை வச்சா எனக்கு ஜாமீன் வாங்கறே?" என்றார். சிரிப்பு முழுதாக வரவில்லை. ஆனால் தோற்றுப்போனால் வருகிற அந்தப் பழைய சிரிப்பின் ஆரம்பம் அது.

அவர் மறுபடி கூட்டத்துக்குப் போனாரா என்று கேட்டால், அன்று போகவில்லை. எழுந்து சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பினேன். பின்னால் காலடிச் சத்தம் வாசற்படியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, கையில் காலிக் கோப்பை இருக்கிறது, உள்ளே வர மாட்டார்.

பக்கத்துக் கட்டில்காரர், தாதி, கார் ஓட்டுநர் என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். என் கணவர் கட்டிலின் பக்கம் வந்தபோது சுற்றிக்கொண்டு போகவில்லை. அவர் பெயரைச் சொன்னேன். எதுவும் கேட்கவில்லை, பெயரை மட்டும் சொன்னேன். தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கியது. அண்ணன் வெளியிலேயே காத்திருந்தார்.