வைக்கோல் கழுவும் பிரிவு

“வைக்கோலுக்குள்ள சர்க்கரை இருக்குதுங்களா?” என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டேன்.

“இருக்குதுங்க. லேசுல வெளிய வராது. காஸ்டிக் சோடாவுல ஊறவெச்சா இளகும். அப்புறம் கழுவோணும்.”

“எத்தனை தடவைங்க?”

“காஸ்டிக் போற வரைக்கும்,” என்றார் செங்கோட்டுவேல்.

அது பதினோரு வருடங்களுக்கு முன்பு. அதே வைக்கோல் கட்டைத்தான் இருவரும் இன்னும் கழுவுகிறோம்.

ஒவ்வொரு கழுவலுக்கும் நடைவழி சற்று நீள்கிறது. குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே இப்போது மூன்று பஸ் நிறுத்தங்கள். வாளிக்கு அரை டிக்கெட்.

மாலை ஆறு மணிக்கு ஆய்வாளர் வருவார். அவருடைய நாக்கு லிட்மஸ் தாளால் ஆனது. அதைத் தொட்டியில் நனைப்பார். நீலமாகும். நீலம் என்றால் காஸ்டிக் இன்னும் போகவில்லை.

“நாளைக்கும் கழுவுங்க,” என்பார்.

இருவரும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வோம்.

காஸ்டிக் போகாததற்குக் காரணம் நான்தான். தினமும் ஐந்தே முக்காலுக்கு ஒரு மூடி காஸ்டிக்கைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். வைக்கோல் சுத்தமானால் எங்களில் ஒருவர் சர்க்கரைப் பிரிவுக்குப் போக வேண்டும், மற்றவர் சாம்பல் பிரிவுக்கு. இரண்டும் இதே கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சாம்பல் பிரிவில் வேறு வருடம் நடக்கிறது.

செங்கோட்டுவேலிடம் நான் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. தைரியம் வரும்வரை அவர் எங்கும் போகக் கூடாது.

நேற்று ஆய்வாளர் நாக்கை நீட்டியபோது வைக்கோல் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. தண்ணீர் சொட்டியது.

“எங்களோட வந்த கட்டெல்லாம் சர்க்கரையாகி, கல்யாணக் காப்பியில கலந்தாச்சுங்க. எங்களுக்கு மட்டும் தினமும் குளியலா?”

“காஸ்டிக் போகலையே.”

“எப்படிங்க போகும்? அஞ்சே முக்காலுக்கு இந்தம்மா ஒரு மூடி ஊத்துது. அஞ்சு அம்பதுக்கு அவரு ஒரு மூடி ஊத்தறாரு.”

நான் செங்கோட்டுவேலைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். காது சிவந்திருந்தது.

ஆய்வாளர் ஒரு படிவத்தை எடுத்தார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. காலியா விடக்கூடாது. யாருங்க சொல்றது?”

“துளசிமணி சொல்லுவாங்க,” என்றார் செங்கோட்டுவேல்.

“ஏனுங்க, நீங்களும்தான ஊத்துனீங்க?”

“அஞ்சு நிமிசம் கழிச்சுத்தானுங்களே ஊத்துனேன்.”

“சீக்கிரம் சொல்லும்மா. நாங்க காஞ்சுருவோம்,” என்றது வைக்கோல்.

நான் படிவத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

“வைக்கோல் போகட்டுமுங்க. என்னையக் கட்டிக்கறீங்களா?”