சலவை அறைப் போர்

யதுர்ஷா ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்கம் படித்தாள். கிரேக்கர்கள் தங்கள் வீரகாவியங்களைத் தாங்களே எப்படிப் பகிடி பண்ணினார்கள் என்பதுதான் ஆய்வு. போரைப் பாடும் அதே கம்பீர நடையில் ஒரு விருந்துச் சாப்பாட்டைப் பாடிவிடுவார்கள். வாசித்துவிட்டுத் தனியே சிரிப்பாள்.

"சிரிக்கிறதுக்கும் சோதினை இருக்கோ?" என்று அப்பா இரத்தினவேல் ஒருமுறை கேட்டார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

2008 ஒக்டோபரில் ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் நடந்த தமிழர் ஒன்றுகூடலில், அதே நடையில் தமிழில் தானே எழுதிய ஒரு பாட்டை வாசித்தாள். அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் இரண்டு அயலவர் உடுப்புத் தோய்க்கும் முறைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் கூட்டுகிற தும்புத்தடியை வேலாக ஏந்துகிறார். மற்றவருக்குக் கூடை மூடிதான் கேடயம். சவர்க்காரத்தூள் பறந்து இருவரும் வெள்ளையாகிறார்கள்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த கமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அவளுடைய தம்பி இலங்கையில் வன்னிச் சண்டையில் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மண்டபம் அடங்கிப்போனது. கூட்டத்தை நடத்திய செபஸ்ரியன் ஒலிவாங்கியை வாங்கினார்.

"காணும், நிப்பாட்டும் தங்கச்சி. அங்கை சனம் சாகுது, உமக்குச் சண்டை பகிடியோ?"

யதுர்ஷா தாளை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊரான ரொம்மனில் இருந்த கமலேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள்.

"அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களை நோகடிக்க எழுதேல்லை."

கமலேஸ்வரி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"உன்னிலை கோவமில்லைப் பிள்ளை. என்ரை தம்பியும் உப்பிடித்தான் பகிடி விடுவான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவன் செத்து ஒரு மாதமாகேல்லை, நான் சிரிக்கிறன். அதாலைதான் எழும்பி ஓடினனான்."

யதுர்ஷா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சனம் என்னை என்னெண்டு நினைக்கும்?"

"சொல்ல மாட்டன் அன்ரி."

அவள் வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "போனனியோ? என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை அப்பா."

கமலேஸ்வரி மன்னிக்கவில்லை என்றே நினைத்து, அவர் தலைகுனிந்தபடி உள்ளே போனார். அதன் பிறகு எந்த ஒன்றுகூடலுக்கும் யதுர்ஷாவை யாரும் அழைக்கவில்லை. ஆய்வை அடுத்த வருடம் முடித்தாள். அதிலிருந்த பகிடிகளைத் தமிழில் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இருக்கவில்லை.