குலுக்கப்பட்ட எட்டு ஊசிகள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் செல் எண்ணிக்கை மூன்று என்று இருந்தது. குறைந்தது இருபது இருந்திருக்க வேண்டும். அக்கா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஏதாவது நல்ல எண் இருக்கிறதா என்று பார்த்தாள்.

நான்கு நாட்களாகக் காலையும் மாலையும் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டாள். மருந்தில் இருந்தது ஒரு புரதம். எலும்புக்குள் ஒட்டிக் கிடக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரச் சொல்லும் சேதி அது. வந்தவற்றைப் பிரித்தெடுத்துத் தம்பிக்கு ஏற்ற வேண்டும். அவனுடைய மஜ்ஜையை ஏற்கெனவே காலி செய்தாயிற்று. இவளுடைய செல்கள் போகாவிட்டால் அவன் உடம்பில் இனி ரத்தம் ஊறாது.

"ஒரு வேளைகூட விடலையே?" என்றாள் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர். ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தேன்."

"எப்படிப் போட்டீங்க? செஞ்சு காட்டுங்க."

அக்கா குப்பியை வாங்கினாள். மணிக்கட்டு தானாகவே படபடவென்று ஆட ஆரம்பித்தது. மருந்து நுரைத்தது. நர்ஸ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அய்யோ, என்ன பண்றீங்க?"

"பெயின்ட் கடையில பதினாறு வருஷம், சிஸ்டர். குலுக்காம எதையும் திறந்ததில்ல."

"புரதம் சிதைஞ்சிருக்கும். சேதியே போயிருக்காது."

அக்கா தாழ்வாரத்தை மூன்று முறை அளந்தாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்த தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "எட்டு ஊசியையுமா?"

"எட்டையும்டா."

"பரவால்ல, நல்லாக் கலந்திருக்கும்."

"பயமா இல்லையாடா உனக்கு?"

"இருக்கு. நீ குறுக்கும் நெடுக்கும் நடக்காதே, தலை சுத்துது."

டாக்டர் திட்டவில்லை, அதுதான் அவளை அதிகம் வதைத்தது. செல் எடுப்பதை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். புது மருந்தை நர்ஸே போட்டாள், கூடவே செல்களை எலும்பிலிருந்து விடுவிக்கும் இன்னொரு ஊசியும். எண்ணிக்கை பதினொன்றுக்கு ஏறியது.

"ஒரே நாள்ல போதாது," என்றாள் நர்ஸ். "ரெண்டு நாள், அஞ்சஞ்சு மணி நேரம் படுக்கணும். கையை அசைக்கவே கூடாது."

இரண்டு கைகளிலும் ஊசியோடு அக்கா படுத்தாள். மூக்கு அரித்தது. சொறியவில்லை. இயந்திரம் அவள் ரத்தத்தை வாங்கி, தேவையானதை எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தது. இரண்டாம் நாள் மாலை இரண்டு பைகளிலும் சேர்ந்த செல்களின் கணக்கைப் பார்த்து, "தேறிடுச்சு, மயிரிழையில" என்றாள் நர்ஸ்.

தம்பியின் கட்டிலருகே பைகளைத் தொங்கவிட்டார்கள். அந்தச் செல்கள் அவன் எலும்புக்குள் இடம் பிடித்துவிட்டனவா என்று தெரிய இரண்டு வாரமாவது ஆகுமாம்.

"வீட்டுக்குப் போக்கா," என்றான் போனில்.

"நீ கண்ணை மூடு. நான் நிக்கிறேன்."